ரத்தம் யாருதோ அவன் துப்பட்டும்

இனிமே ரமாபாய்கிட்ட பொய் சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். திருந்திட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சொல்லி ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, அதான். ரமாபாய் என் பொண்டாட்டி. தண்டையார்பேட்டைல ஆஸ்பத்திரித் துணி வெளுக்கற லாண்டரில பதினஞ்சு வருஷமா வேலை. பிரசவத் துணி, ஆபரேஷன் துணி, எல்லாம் அவ கைல தான் வெள்ளையாவும். அப்பேர்ப்பட்டவகிட்ட நான் ஒரு ரத்தக் கறைய மறைக்கப் பாத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

புத்த பூர்ணிமா அன்னிக்கு நடந்தது இது. சாயங்காலம் ஆறு மணிக்கு வியாசர்பாடி புத்த விகார்ல அவ தான் மைக்கு முன்னாடி நின்னு பஞ்சசீலம் சொல்லணும். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன்னு அவ ஒண்ணொண்ணா சொல்ல, கூட்டமே பின்னால சொல்லும். மொத தடவையா அவளக் கூப்ட்டிருந்தாங்க. அதுக்குன்னே ஒரு வெள்ளச் சேலை எடுத்தா. ஒரு மாசமா பீரோவுல வெச்சிருந்தா. நான் தும்முனாக்கூட பீரோவ மூடிடுவா.

காலைல வேலைக்குக் கெளம்பறப்ப சொன்னா.

"யோவ், நேத்து இஸ்திரி வண்டில சேலையக் குடுத்தேன். வாங்கியாந்து கட்டில் மேல வை. வேற எங்கியும் போவாத."

"நான் எங்க போவப் போறேன்?"

"அதான் தெரியுமே."

இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துலயே பாக்ஸிங் ஹால் கீது. அது என் தப்பா?

நான் ஒரு காலத்துல பாக்ஸர். எங்க ஏரியால கண்ண மூடிகினு கல்லு வுட்டா பாக்ஸர் மேல விழும், தப்புனா ஃபுட்பால் ஆடறவன் மேல விழும். நாலு வருஷத்துக்கு முன்னாடி இடது கண்ணுல ஒரு குத்து வாங்கினேன். உள்ள திரை கிழிஞ்சுடுச்சு, ஒட்டி வெச்சிருக்கு, இன்னொரு அடி பட்டா கண்ணு அவ்ளோதான்னு டாக்டர் சொல்ட்டாரு. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துகினு ரமாபாய் கையப் புடிச்சு சத்தியம் பண்ணேன், இனிமே கிளவுஸத் தொட மாட்டேன்னு.

சேலைப் பொட்டலத்தக் கைல வெச்சுகினு சும்மா எட்டிப் பாத்தேன். கோச் வெற்றி கூப்ட்டான்.

"அசோகண்ணே, ஷாலுவுக்கு இன்னிக்கு ஜோடி வரல. ஒரே ஒரு ரவுண்டு. மெதுவா தான்."

ஷாலுவுக்குப் பத்தொம்போது வயசு. எங்க பக்கத்து பிளாக்குப் பொண்ணு. ஸ்டேட் மேட்ச்சுக்குப் போவப் போறா. சின்னப் பொண்ணு தானே, என்னா பண்ணிடப் போறான்னு நெனச்சேன். கிளவுஸ் மாட்டுனதும் இருவது வயசு கொறஞ்சா மாதிரி இருந்துச்சு. அந்த சந்தோஷம் சரியா நாப்பது செகண்ட். அவ லெஃப்ட் கை எப்ப கெளம்புச்சு, எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மூக்கு மட்டும் தான் அத்தப் பாத்துது.

என் தோஸ்து ஜெயவேல் ஓடியாந்தான். ஹார்பர்ல லோடு ஏத்தறவன், பாசக்காரன். கைக்குக் கெடச்ச துணிய எடுத்து என் மூக்குல அமுக்குனான். நல்ல மெத்துன்னு இருக்கே, இஸ்திரி வாசனை வேற வருதேன்னு கண்ணத் தொறந்தா, ரமாபாய் சேலை. முந்தானைல உள்ளங்கை அகலத்துக்குச் செவப்பு.

"மாமு, டவல்னு நெனச்சேன்" அப்டின்றான்.

வூட்டுக்கு ஓடியாந்தேன். மணி ஒண்ணரை. அவ ரெண்டு மணிக்கு வருவா. அழுக்குன்னா சுடுதண்ணி தானேன்னு அடுப்புல குண்டான வெச்சேன். நல்லா தளதளன்னு கொதிச்சுது. தூக்கி ஊத்தப் போறேன், வாசல்ல குரல் கேக்குது.

"கீழ வை."

வெச்சேன்.

"சுடுதண்ணி ஊத்துனா ரத்தம் நூலுக்குள்ளயே வெந்துடும்யா. வெந்த முட்டை திரும்பப் பச்சையாவுமா?" சேலையப் பாத்தா. மொகம் ஒரு மாதிரி ஆச்சு. "யாரு ரத்தம்?"

"ஜெயவேலுது. ஷேர் ஆட்டோல இருந்து விழுந்துட்டான் பாவம். மூக்குல கொட்டுது. நான் தான் ஓடிப் போய்..."

அவ முந்தானையத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா. விரலால தடவுனா. "மூக்கு ரத்தம் தான். வெட்டுக்காயம்னா இப்டி வழவழன்னு இருக்காது."

எனக்கு ரோமம் நட்டுகிச்சு. துணியத் தொட்டுப் பாத்தே எந்த ஓட்டைல இருந்து வந்துச்சுன்னு சொல்றா.

"சரி, ஜெயவேலண்ணன வரச் சொல்லு."

"அவன் எதுக்கு ரமா?"

"ரத்தம் யாருதோ அவன் துப்பட்டும்."

எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா லாண்டரில வேலை செய்றவ சொன்னா அதுல விஷயம் இருக்கும். போன் பண்ணி, ஆட்டோல இருந்து விழுந்த மூக்கு எப்டி கீது, வூட்டுக்கு வான்னேன். ஜெயவேல் மூக்குல பெரிய பிளாஸ்திரி ஒட்டிகினு வந்தான். நான் சொல்லாமயே ஒட்டிகினு வந்தான் பாருங்க, அது தான் தோஸ்து.

ரமாபாய் ஒரு தாம்பாளத்துல முந்தானைய விரிச்சா. "துப்புண்ணா."

துப்புனான். அவ விரலால மெல்லத் தேச்சா. துப்புனான். தேச்சா. அர மணி நேரத்துல அவன் வாய் காஞ்சு போச்சு.

"கொஞ்சம் தண்ணி குடும்மா தங்கச்சி."

"தண்ணி அப்புறம்ணா." ஒரு எலுமிச்சம்பழத்த ரெண்டா வெட்டி எதிர்ல வெச்சா. திங்க இல்ல, பாக்க. ஜெயவேலுக்குத் திரும்ப ஊறுச்சு. மறுபடி துப்புனான். கறை அப்டியே கீது, ஒரு இம்மிகூட நகரல.

மணி மூணு. ரமாபாய் நிமிர்ந்து ஜெயவேல் மொகத்தையே பாத்தா.

"அண்ணா, இது உன் ரத்தமா?"

அவன் என்னப் பாத்தான். நான் செவுத்தப் பாத்தேன்.

"ஆறு மணிக்கு நான் மைக்குல நிக்கணும்" அப்டின்னா. கத்தல. கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். "இந்தச் சேலைய நெனச்சுகினு ஒரு மாசமா அந்த வரிங்கள மனப்பாடம் பண்ணிகினு இருந்தேன்."

ஓர் ஆள் எச்சில் அந்த ஆள் ரத்தத்தத் தான் எடுக்கும் போலன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. உண்மையச் சொல்லலன்னா சேலை போச்சு.

"என் ரத்தம் தான் ரமா. ஹாலுக்குப் போனேன். ஒரே ஒரு ரவுண்டு."

"யாரு அடிச்சது?"

"ஒரு ஆளு. ஆறடி. எண்ணூர்க்காரன்." சின்னப் பொண்ணு அடிச்சான்னு சொல்ல மட்டும் எனக்கு மனசு வரல.

அவ என் மொகத்தத் திருப்பி இடது கண்ண உத்துப் பாத்தா.

"துணில இருக்கற ரத்தத்த எப்டியும் எடுத்துடுவேன்யா. கண்ணு போனா அத்த எந்தத் தண்ணில ஊறவெக்கறது?"

நான் தலையத் தொங்கப் போட்டேன். சத்தியமா வெக்கமா இருந்துச்சு.

"துப்பு" அப்டின்னா.

துப்பினேன். எலுமிச்சம்பழத்தப் பாத்துப் பாத்துத் துப்பினேன். அதுக்கப்பறம் முந்தானைய ஒரு வாளில முக்குனா. பச்சத்தண்ணி, ஒரு கை கல்லுப்பு. ஊறட்டும்னு வுட்டுட்டு டீ போட்டா. திரும்ப வந்து தண்ணி மாத்துனா, பாத்திரம் வெளக்கற சோப்பக் கொஞ்சம் தடவி, துணியோட பின்பக்கமா கட்டை வெரலால தேச்சா. பாத்துகினே இருக்கோம், செவப்பு ரோஸாவுது. ரோஸு டீத்தண்ணி கலராவுது. அப்பறம் அதுவும் இல்ல. எங்க இருந்துச்சுன்னு தேடுனாலும் தெரியல. ஜெயவேல் பிளாஸ்திரியப் பிச்சுப் போட்டுட்டுக் கையெடுத்துக் கும்புட்டான். நானும் கும்புட்டேன்.

ஃபேன்ல காயவெச்சு, இஸ்திரி வண்டிக்கு இந்த வாட்டி அவளே போய்ட்டு வந்தா.

ஆறு மணிக்கு விகார்ல அவ நின்னத நீங்க பாத்திருக்கணும். அந்த வெள்ளைல ஒரு பொட்டு இல்ல. குரல்ல ஒரு தடுமாத்தம் இல்ல. இவ கூடவா நாம ஒரே பாயில படுத்து எந்திரிக்கறோம்னு எனக்கே மலைப்பா இருந்துச்சு. "பொய் பேச மாட்டேன்"னு அவ சொன்னப்ப, கூட்டத்துலயே சத்தமா சொன்னது நானும் ஜெயவேலும் தான்.

வெளிய வந்து செருப்பத் தேடறப்ப கேட்டேன்.

"எச்சில் எப்டிமே ஆளக் கண்டுபுடிக்குது?"

"எச்சில் யாரையும் கண்டுபுடிக்காது. கறை போனது தண்ணில, உப்புல, சோப்புல."

"ஜெயவேலு துப்புனப்ப போவலியே?"

"அப்ப நான் தண்ணியே ஊத்தலியே."

"இப்பதானே பொய் பேச மாட்டேன்னு மைக்குல சொன்ன?"

"நான் இன்னா பொய் சொன்னேன்? துப்பட்டும்னேன். துப்புனா கறை போவும்னு சொன்னேனா?"

யோசிச்சுப் பாத்தேன். சொல்லல.

"அப்ப எதுக்கு எங்க ரெண்டு பேரையும் மாஞ்சு மாஞ்சு துப்ப வெச்ச?"

அவ செருப்ப மாட்டிகினே சொன்னா.

"சும்மா தான். உன் ஆறடி ஆளு ஒரு மணிக்கே எனக்குப் போன் பண்ணி அழுதுட்டா."