தலைவர் இறங்காத ஆட்டம்

இங்கிலாந்து தன்னுடைய பழைய நாட்டுப்புற நடனத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த வேளையில், அதைக் காப்பாற்றும் மாபெரும் பொறுப்பைத் திருச்சி பொன்மலை தன் தோளில் ஏற்றிக்கொண்டது. இப்படியொரு பெருந்தன்மையை உலகம் கண்டதில்லை. அதைக் காட்டுவதற்காகவே 'ஆங்கில நாட்டுப்புற நடன மீட்புக் குழு' பதினான்கு கூட்டங்கள் நடத்தியது. பதினான்கிலும் கேசரி உண்டு.

கூட்டம் நடந்த மன்றத்தைப் பெருக்கித் துடைப்பவள் இருளாயி. அதற்குமுன் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவள். அவளும் ஒன்றை மீட்கப் போராடிக்கொண்டிருந்தாள்: மன்றத்தின் ஒரே கழிப்பறைச் சாவி. உள்ளே வெள்ளைக்காரன் காலத்துப் பீங்கான் இருந்ததால் குழு அதைப் 'பாரம்பரியச் சின்னம்' என்று அறிவித்துப் பூட்டிவிட்டது. சாவி தலைவர் அழகர்சாமியின் இடுப்பில் 'பாதுகாக்கப்பட்டது'. தினமும் காலையில் அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் வந்து திறப்பார். இருளாயி கழுவுவாள். அவர் பூட்டுவார். அப்புறம் அவளுக்கு அவசரம் என்றால் தண்டவாளம் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குக் கால் மணி நேர நடை. ஏழு வருஷமாக நடக்கிறாள்.

"ஐயா, அந்தச் சாவி..."

"விழா முடியட்டும்மா. பரிசீலிப்போம்."

எந்த விழா என்று அவர் சொன்னதே இல்லை.

இந்த வருஷ விழாவுக்கு 'பார்லிக் களம்' என்னும் நடனம் தேர்வானது. ஓய்வுபெற்ற பேராசிரியை பிரேமலதா அதன் உட்பொருளை விளக்கினார்.

"அறுப்பு முடிஞ்சதும் களத்துல உழைச்ச ஜனங்க ஆடினது இது. எதிரெதிரா ரெண்டு வரிசை. ஒரு சுற்று முடிஞ்சதும் முதல் ஜோடி கைகோத்து நடுவுல இறங்கி, கடைசிக்குப் போயிடணும். மத்தவங்க ஒரு இடம் மேல வருவாங்க. எல்லாருக்கும் முதலிடம் உண்டு, எல்லாருக்கும் கடைசி இடமும் உண்டு! விருப்பமுள்ளவங்க எத்தனை பேர் வேணும்னாலும் சேரலாம்னு பழைய ஏட்டுலயே எழுதியிருக்கு!"

குழு கண்ணீர் மல்கியது. அந்த ஈரம் காய்வதற்குள், அழைப்பிதழ் இல்லாதவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

பயிற்சி முப்பது நாள். தலைவருக்குப் பல அலுவல்கள். ஆகவே முதலிடத்தில் அவருக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நின்றது. வாடகை நாற்காலிகளோடு வந்த காத்தான், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் வைப்பான். நாற்காலி ஒருநாள்கூட அடம்பிடிக்கவில்லை. இந்தப் பணிவை வைத்து எல்லோரும் தலைவரை எடைபோட்டுவிட்டார்கள். முப்பது நாள் பயிற்சியில் நேர்ந்த ஒரே பிழை அதுதான்.

விழா நாளன்று நான்கு ஜோடியில் ஒரு ஜோடி காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பிரேமலதா பதறிப்போய்க் கையில் அகப்பட்டவர்களைப் பிடித்தார். ஆங்கில வேஷத்துக்காக இருளாயியின் தலையில் லேஸ் தொப்பி ஏறியது. காத்தான் காலில் கால்பந்து சாக்ஸ் ஏறியது.

"அக்கா, இது என்னக்கா கூத்து?"

"கான்கிரீட் போடறப்ப சட்டி கைமாத்துவோம்ல, அதே வரிசைதான்டா. சட்டி மட்டும் இல்ல."

காஜா மைதீன் கிளாரினெட்டை எடுத்தார். தென்னூர்க் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கிறவர். அன்று ஆங்கில மெட்டு. முதல் சுற்று அமர்க்களமாக முடிந்தது. முதலிடத்திலிருந்த தலைவரும் அவர் மனைவி வேலம்மாளும் இறங்க வேண்டிய இடம் வந்தது. தலைவர் அசையவில்லை.

"ஐயா, இறங்குங்க," என்று பிரேமலதா கிசுகிசுத்தார்.

"எந்த விசேஷத்துலயும் எனக்குத்தாம்மா முதல் மாலை. நான் கடைசிக்குப் போறதா? ரெண்டாவது ஜோடியை அனுப்புங்க."

பிரேமலதா மைக்கைப் பிடித்தார். "முதல் ஜோடி அசையாது நிற்பது வரலாற்றின் உறுதியைக் குறிக்கிறது!" கைதட்டல். தலைவருக்குப் 'பதிலாக' இரண்டாம் ஜோடி இறங்கியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. இப்போது இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தவர்கள் இருளாயியும் காத்தானும்.

மூன்றாம் சுற்றும் முடிந்தது. இருளாயி அசையவில்லை.

"போம்மா," என்றார் தலைவர், விருந்தினரைப் பார்த்துச் சிரித்தபடியே.

"ஏழு வருஷமா நாந்தாங்க போறேன், பெட்ரோல் பங்குக்கு. சாவியக் குடுங்க, இப்பவே போறேன்."

"விழா முடியட்டும்னு சொன்னேன்ல?"

"நான் நகராம விழா எப்படிங்க முடியும்?"

தர்க்கத்தில் ஓட்டையில்லை. காஜா மைதீன் அதே அடியை ஒன்பதாவது முறையாகத் திருப்பி வாசித்தார். அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. "தலைவரே, மூச்சு முட்டுது! அல்லாவுக்காக ஏதாச்சும் பண்ணுங்க!" என்று ஊதலுக்கு நடுவே கத்தினார்.

"குடுத்துத் தொலைங்களேன்," என்றாள் வேலம்மாள். "எனக்கே போகணும்போல இருக்கு."

தலைவர் இடுப்பைத் துழாவினார். சாவி கைமாறியது.

"இதுவே 'சாவி வழங்கல்' என்னும் அரிய அடவு!" என்று மைக் முழங்கியது.

இருளாயி காத்தான் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவே இறங்கினாள். கடைசி இடத்தில் நிற்கவில்லை. நேரே பின்வாசல் வழியாகப் போய்ப் பாரம்பரியச் சின்னத்தைத் திறந்தாள். பின்னாலேயே வேலம்மாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்த நடனமணிகள், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சமையல்காரப் பெண்கள். ஏட்டில் எழுதியிருந்தபடியே, விருப்பமுள்ள எத்தனை பேர் வேண்டுமானாலும். முன்னால் நின்றவர் வேலை முடிந்ததும் நகர்ந்தார். மற்றவர்கள் ஒரு இடம் மேலே வந்தார்கள். பிரேமலதா மட்டும் இந்த அடவை விளக்கவில்லை. அவர் வரிசையில் நான்காவதாக நின்றார்.

மேடையில் முதலிடத்தைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்த தலைவர் அதற்குள் மூன்று டம்ளர் ரோஸ்மில்க் குடித்திருந்தார். சற்று நேரத்தில் அவரும் வந்தார். ஆங்கிலேயரே மெச்சும்படி, சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைத்து.

"இருளாயி... கொஞ்சம் அவசரம்மா."

இருளாயி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வரிசையின் கடைசியைக் காட்டினாள்.

"அங்க நில்லுங்கய்யா. பயப்படாதீங்க. எங்க ஆட்டத்துல முன்னாடி நிக்கிறவங்க நகந்துருவாங்க."