பாடு போட்டுப் பிரித்த ஓட்டு

பொன்னியம்மன் துணை

புதுமேட்டுக் குப்பம், பழவேற்காடு வழி
பராபவ வருஷம் (1967), தை மாதம் 27

காட்டுப்பள்ளி சம்பந்தி அரசப்பன் அவர்கள் சமுகத்துக்கு, தணிகாசலம் இரு கையும் குவித்து எழுதிக்கொண்டது. இங்கே அம்மன் புண்ணியத்தில் நான், என் சம்சாரம் மணியம்மாள், மகள் ரத்னா மூவரும் நலம். எனக்கு மட்டும் நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் கஷாயம் ஓடுகிறது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டு அம்மாள் ஜானகியம்மாளும், மாப்பிள்ளை அருணகிரியும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் இவன் சம்பந்தி என்கிறான், மாப்பிள்ளை என்கிறான் என்று தாங்கள் நினைக்கலாம். ஆகப்போவதை இப்போதே எழுதினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

நிற்க. போன வாரம் தாங்கள் ஆளனுப்பிச் சொன்ன செய்தி கிடைத்தது. "துலுக்காணம் நம்ம ஆளு. உங்க குப்பத்து ஓட்டு முன்னூத்திப் பன்னெண்டும் அவருக்கு வுழணும். ஒண்ணு கொறஞ்சாலும் பொண்ணு கேட்டு வர மாட்டேன்" என்று தாங்கள் சொன்னதாக வந்த ஆள் சொன்னான். சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிட்டுப் போனான். நானும் உடனே, "சம்பந்தி கவலைப்பட வேணாம், முன்னூத்திப் பன்னெண்டும் என் சட்டைப் பையில கீது" என்று சொல்லி அனுப்பினேன். குப்பத்துக் கணக்கெழுதுகிறவன் நான். என் பேச்சை மீறி இங்கே ஒரு வலை இறங்காது. அந்த ஓட்டு இப்போது எப்படிப் போகப்போகிறது என்பதைத் தாங்கள் அமைதியாக, முடிந்தால் சாப்பிட்ட பிறகு, படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். சட்டசபைக்கு நிற்கிற மூன்று பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அம்மன் கோயில் வாசலில் மீட்டிங் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பொன்னேரிப் பக்கத்து மிராசு பூவராகவன் ஒருவர், தங்கள் ரோடு காண்டிராக்டர் துலுக்காணம் ஒருவர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் யேசுதாஸ் ஒருவர். முதல் நாளே மூன்று பேர் ஆட்களும் வந்து பந்தக்கால் நட மூன்று குழி தோண்டிக்கொண்டு, ஒருத்தன் குழியில் இன்னொருத்தன் விழுந்து, அடிதடி ஆகிற மாதிரி இருந்தது. அப்போது நான்தான் கல்மேல் ஏறி நின்று, "இன்னாத்துக்கு சண்டை? ஏரிக்கு பாடு போடற மாதிரி இதுக்கும் பாடு போட்டா போச்சு" என்று கத்தினேன். தங்களுக்குக் கடல் தொழில் என்பதால் விவரம் எழுதுகிறேன். ஏரியில் மீன் விழுகிற இடம் கொஞ்சம், வலை நிறைய. ஆகவே தொழில் செய்கிறவர்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்து, எந்தக் கோஷ்டிக்கு எந்த நாள் எந்த இடம் என்று அம்மன் முன்னால் சீட்டு எடுப்போம். அதற்குப் பேர் பாடு. எடுத்த சீட்டை மீறினால் இருபத்தைந்து ரூபாய் தெண்டம், ஆறு மாதம் ஏரியில் இறங்கக் கூடாது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதில் ஒரு சண்டை வந்ததில்லை. என் யோசனைக்கு மூன்று பேர் ஆட்களும் கை தட்டினார்கள். துலுக்காணத்தின் ஆள் என் தோளில் துண்டு போட்டான்.

காலைப் பாடு பூவராகவனுக்கு விழுந்தது. ஜீப்பில் வந்தார். வந்தவர் குப்பத்துக்குக் கால் மைல் முன்னாலேயே மணலில் புதைந்து, எங்கள் பையன்கள் இருபது பேர் தள்ளித்தான் மேடைக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் மைக்கைப் பிடித்து, "வரின்னு ஒண்ணே இருக்கக் கூடாது! நிலத்து மேல வரி, நூலு மேல வரி, மண்ணெண்ணெய் மேல வரி! நான் போனா அத்தினியும் எடுத்துடுவேன். கவர்மென்டும் செலவு பண்ணாம கையக் கட்டிக்கினு குந்தணும்" என்றார். ஒரே விசில். என் சம்சாரம் சும்மா இருக்கக் கூடாதா? கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, "ஏன் நைனா, கவர்மென்டு செலவு பண்லன்னா ரோடு ஏது? திரும்பிப் போவ சொல்லோ உன் ஜீப்ப யார் தள்றது?" என்று கேட்டாள். "எங்க பாட்டன் ரோட்லயா நடந்தாரு?" என்று அவர் பதில் சொன்னார். நியாயமான பதில்தான், ஆனால் போகும்போது மறுபடியும் அதே இடத்தில் புதைந்தார், இந்தத் தடவை பையன்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

உச்சிவேளைப் பாடு யேசுதாஸுக்கு. அது இருக்கிறதிலேயே மோசமான பாடு. படகு கரைக்கு வருகிற நேரத்தில் எவன் மீட்டிங் கேட்பான்? பாவம், மனிதர் தோணியில் வந்ததில் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மேடை ஏறினார். ஏறியதும் முதல் வார்த்தையே, "நான் வரி போடுவேன்" என்றாராம். ஆண்கள் அத்தனை பேரும் அந்த நிமிஷமே எழுந்து கரைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்துப் படகு வர இரண்டு மணி நேரம் தாமதம். மீனுக்காகக் கூடையோடு காத்திருந்த பெண்பிள்ளைகள் மட்டும் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து கேட்டார்களாம். நான் போகவில்லை. ஓட்டுக் கேட்க வந்த இடத்தில் வரி போடுவேன் என்று சொல்கிற ஆளுக்கு அரசியல் எதற்கு?

சாயங்காலப் பாடு, அதாவது முதல் தரமான பாடு, நம் துலுக்காணத்துக்கு. பேசினார் பாருங்கள், அடடா! "வரியும் கெடையாது, செலவுக்குக் கொறையும் கெடையாது! நைலான் நூலுக்கு வரி இல்ல. ஏரிக்குக் குறுக்க பாலம் உண்டு. ஐஸ் பேக்டரி உண்டு. ஆஸ்பத்திரி உண்டு. படகுக்குப் படகு மோட்டார் உண்டு!" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். கை விரல் தீர்ந்து, பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்து என் விரலிலும் எண்ணினார். மறுபடியும் மணியம்மாள்தான். "வரி இல்லன்னா இத்தினிக்கும் டப்பு எங்கேந்து வரும்ணா?" என்றாள். "மெட்ராஸ்லேந்து வரும்மா." "மெட்ராஸுக்கு?" "டெல்லி குடுக்கும்." "டெல்லிக்கு?" அவர் சோடா கேட்டார். சோடா வந்தது, குடித்தார், "அம்மா கெட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டு வாணம் விடச் சொல்லிவிட்டார். வாண வேடிக்கையில் கேள்வி எல்லோருக்கும் மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்ததும், "ஏண்டி என் மானத்த வாங்கற? சம்பந்திக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாரு?" என்று கத்தினேன். தொண்டை அன்றைக்குத்தான் முதலில் கட்டியது.

அதோடு முடிந்திருந்தால் முன்னூற்றுப் பன்னிரண்டையும் மடியில் கட்டித் தங்களிடம் கொடுத்திருப்பேன். மறுநாள் பஞ்சாயத்தில் எங்கள் பெரியவர்கள் கூடி, "மூணு பேரும் நம்ம ஊட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டுக் கேட்டானுங்க. ஒருத்தனுக்கு மட்டும் போட்டா மத்த ரெண்டு பேர் மொகத்துல எப்டி முழிக்கிறது? மீட்டிங்குக்குப் பாடு போட்டாச்சு, ஓட்டுக்கும் போட்டுடலாம்" என்று ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "யோசனை சொன்னதே நீதானே" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். கற்பூரம் ஏற்றி, மூன்று கோஷ்டிக்கும் மூன்று சீட்டு எடுத்தாயிற்று. வீட்டு ஆம்பளை எந்தக் கோஷ்டியோ பெண்டுகளும் அதே. முன்னூற்றுப் பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நூற்று நாலு, மீதி ஒன்றுமில்லை. ஒரு கிழவர் மட்டும், "பாடுன்னா தெனம் மாறுமே, நாளைக்கி நமக்கு யாரு?" என்று கேட்டார். ஓட்டு ஒரு நாள்தான், அடுத்த எலெக்‌ஷனில் கோஷ்டி மாறி வரும், பதினைந்து வருஷத்தில் எல்லாரும் எல்லாருக்கும் போட்டு முடித்துவிடலாம் என்று விளக்கிச் சமாதானம் செய்தேன்.

இனி ஒரு சின்ன விஷயம். அடியேன் இருக்கிற கோஷ்டிக்கு விழுந்தது துலுக்காணம் இல்லை. பூவராகவன். துலுக்காணம் கோஷ்டியில் ஒருத்தனிடம் சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று காதோடு கேட்டேன். என் புது நைலான் வலையைக் கேட்டான், படுபாவி. உள்ளே போய் மறைவில் மாற்றிக் குத்திவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று தாங்கள் கேட்பீர்கள். அம்மன் முன்னால் எடுத்த சீட்டு, சம்பந்தி. கணக்கெழுதுகிற நானே மீறினால் நாளைக்கு ஏரியில் எவன் என் பேச்சைக் கேட்பான்? இந்தப் பேஜாரில் நாலு நாள் தூக்கம் இல்லை என்பதை மட்டும் தங்களிடம் சொல்லலாம்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இதில் தங்களுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை. பூவராகவன் ஜெயித்தால் வரி போய்விடும். துலுக்காணம் ஜெயித்தால் பாலம் வந்துவிடும். யேசுதாஸ் ஜெயிக்கப்போவதில்லை. எவர் ஜெயித்தாலும், "உனக்கு நூத்தி நாலு ஓட்டுப் போட்டோம்" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிற ஒரே குப்பம் ஜில்லாவிலேயே எங்களதுதான். அப்படிப்பட்ட இடத்தில் பெண் எடுப்பது தங்களுக்குப் பெருமை. ரத்னா என் ஒரே பெண். அருணகிரி மாதிரி ஒரு பிள்ளைக்கு அவளைக் கொடுக்க நான் எத்தனை நாளாக ஆசைப்படுகிறேன் என்று எழுதினால் எனக்குக் கண் கலங்கும், அதனால் எழுதவில்லை. மிச்ச இருநூற்று எட்டு ஓட்டைப் பொருட்படுத்தாமல், பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவீர்கள் என்று முழு தைரியத்தோடு இருக்கிறேன்.

தங்கள் குடும்பம் தழைக்கவும், தங்கள் வலை கனக்கவும் பொன்னியம்மனை வேண்டிக்கொண்டு, ஜானகியம்மாளுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (ஆகப்போகிற)
தணிகாசலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ரத்னா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய் அவள் அம்மாவிடம் காட்டினாள். இருவரும் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டது. "பாட்ல பொம்பளைக்குப் பங்கு ஏது? பங்கு இல்லாத நாங்க எதுக்கு உங்க சீட்டுக்குக் கட்டுப்படணும்?" என்கிறாள் மணியம்மாள். பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். குப்பத்தில் ஆம்பளை ஓட்டு நூற்று நாற்பத்து நாலு, பெண் ஓட்டு நூற்று அறுபத்தெட்டு. இது எனக்கு இன்று வரை தோன்றவே இல்லை. சந்தையில் கூடைக்குப் பத்து பைசா வரி வாங்குகிறார்களே, அதைப் பற்றி மூன்று பேரையும் இவர்கள் கேட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்களாம், துலுக்காணம் கூடையும் இனாம் என்றாராம். யேசுதாஸ் மட்டும், "எடுக்க மாட்டேன்மா. அந்தக் காசுல உங்க தலைக்கு மேல ஒரு கூரை, ஒரு கொழாய், மறைவா ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லி சட்டசபைல கேப்பேன். இன்னா ஆச்சுன்னு மாசா மாசம் சந்தைக்கே வந்து சொல்றேன். சொல்லலன்னா வெளக்கமாத்தால அடிங்க" என்றாராம். நூற்று அறுபத்தெட்டும் அவருக்குத்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டதாம். இருபத்தொன்று முடிந்து ரத்னாவுக்கு இது முதல் ஓட்டு, அவளும் அதில் சேர்த்தி. காட்டுப்பள்ளிப் பெண்களிடமும் பேசி முடித்தது, அதே சந்தையில் மணியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிற தங்கள் வீட்டு அம்மாள் ஜானகியம்மாள்தானாம். அதற்கும் முன்னாலேயே, போன வெள்ளிக்கிழமை, அங்கேயே தாம்பூலமும் மாற்றிக்கொண்டார்களாம். பங்குனி பத்தாம் தேதி முகூர்த்தம். அருணகிரியைக் கேட்டாயிற்று, அவன் சரி என்றுவிட்டான். ஆம்பளைகளுக்கு எலெக்‌ஷன் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தார்களாம். ரத்னா ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மாமாவ இஷ்டம் போல யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போட்டுக்கச் சொல்லு நைனா."