'வச்சிடட்டுமா' என்று கேட்காத தம்பிக்கு

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சுரேஷுக்கு,

அக்கா பூங்குழலி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சந்தியாவும் அம்மாவும் நலம். பெங்களூரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாததை எல்லாம்தான் நீங்கள் நீக்கிவிடுகிறீர்களே. போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் போனை அறுத்தாய் அல்லவா, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரர் பாதி வழியில் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரீசெட் என்று சொல்வதில்லை.

அன்றைக்கு உன் வேலையை நெடுநேரம் விளக்கினாய். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் முறையில் பழைய அம்சங்களை ஓய்வுபெற வைக்கிறீர்களாம். முதலில் போவது 'அவசரம்' என்ற குறியாம். அதைப் போட்டு வரும் சேதியை முன்னால் கவனிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி எழுதினார்களாம். அவசரம் எந்த எழுத்தோடு முடிகிறது என்பதில் ஆளுக்கொரு கணக்கு வந்துவிட்டதால் இப்போது யாரும் சீந்துவதில்லையாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு, அதற்கு ஒரு துணைக்குழு. நம் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். 'அவசரம், உடனே கூப்பிடு' என்று போடுவாள், பதறிக் கூப்பிட்டால் முருங்கைக்காய் மலிவாக விற்கிறது என்பாள், அங்கிருந்து அவள் முட்டிவலிக்குப் போய், வானூர்ச் சந்தைக்குப் போய், அவசரம் எங்கே முடிந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அதற்காக, 'இனிமே அவசரம்னு போட்டா பார்க்க மாட்டேன்' என்று போன வருஷமே குடும்பக் குழுவில் அறிக்கை விட்டாயே, பெற்றவள் என்ன உன் பழைய அம்சமா?

இணைப்பைத் தொடங்க மூன்று சொல், முடிக்க நான்கு சொல் என்றும் பெரிய விஞ்ஞானமாகச் சொன்னாய். இந்தப் பக்கம் முடிக்கிறேன் என்றால் அந்தப் பக்கம் சரி என்க வேண்டும், பிறகு அந்தப் பக்கம் முடிக்கிறேன் என்றால் இந்தப் பக்கம் சரி என்க வேண்டுமாம். ரீசெட் என்றால் ஒரு சொல்லும் இல்லையாம், பட்டென்று அறுப்புதானாம். 'வச்சிடட்டுமா', 'வை', 'அப்ப நானும் வச்சிடறேன்', 'சரி வை' என்ற நான்கும் இல்லாமல் நம் வீட்டில் எந்தப் பேச்சு முடிந்திருக்கிறது? 'வச்சிடட்டுமா' என்று நாம் கேட்ட பிறகும் அம்மா ஓயாமல் பேசுவாளே, அதற்குக்கூடப் பாதி மூடிய இணைப்பு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். உப்பளத்தில் மடையை அடைப்பதென்றால்கூடப் பக்கத்துப் பாத்திக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் அடைப்பார்கள். நீ கொடுத்தாயா?

அடுப்படியில் அம்மா கையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. கூடத்திலிருந்து உன் மாமா கேட்டது ஒரே கேள்வி: "மச்சான், புடவை எடுத்தாச்சா?" அவ்வளவுதான், லைன் அறுந்துபோனது. சந்தியாவின் நிச்சயத்தன்று தாய்மாமன் கொண்டுவரும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வர வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? "பாத்தியா, மச்சான் நம்மள ரீசெட் பண்ணிட்டாரு. நான் இன்னா பட்டுப்புடவையா கேட்டேன்?" என்றார் மாமா. நேற்றுக் கிளியனூரிலிருந்து சம்பந்தி காசிலிங்கம் என் போனில் கூப்பிட்டு, "தாய்மாமன் வர்றாருங்களா, இல்ல தேதிய தள்ளி வச்சிக்கலாமா?" என்று கேட்கிறார். 'வருவாருங்க' என்று சொல்லிவிட்டேன், எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. சந்தியாவோ, ஜாக்கெட்டுக்குத் துணி எடுக்கணும், புடவை என்ன கலருன்னு தெரியல என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

எனக்கே தெரிகிறது, இதில் பாதி கோபம், பாதி பயம். பயத்தை எழுதினால் நீ இரங்கிவிடுவாய் என்று கோபத்தை மட்டும் எழுதுகிறேன். நானாக உன்னைக் கூப்பிட மாட்டேன். அறுத்தவன்தான் முடிச்சுப் போட வேண்டும். இல்லையென்றால் அக்கா என்பதையும் ஓய்வுபெற்ற அம்சங்களில் சேர்த்துக்கொள்.

சகல சௌபாக்கியங்களும் பெற்று, எவர் தொந்தரவும் இல்லாமல், முழு சிக்னலோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அக்கா பூங்குழலி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். அம்மாவின் போனுக்கு எந்த அழைப்பும் வரவில்லையே என்று சந்தியா இப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். அதில் விமானப் படம் அமுங்கியிருந்தது. கேட்டால், "சுரேசு பிளேன்ல வரட்டும்னு நான்தான் அமுக்கி வச்சேன். அன்னைக்குப் போனை வச்சதும் நான்தான். பால் பொங்கிடுச்சு, அவன் ரீசெட்டு ரீசெட்டுன்னு பேசினே இருந்தான்," என்கிறாள். 'வச்சிடட்டுமா'ன்னு கேட்டியாம்மா என்றேன். "மனசுக்குள்ள கேட்டேன்டி," என்றாள்.

விமானத்தை அணைத்ததும் உன் சேதிகள் பொலபொலவென்று வந்து விழுந்தன. எல்லாமே 'அவசரம்' என்றுதான் தொடங்குகின்றன. குடும்பக் குழுவிலும் அதையே போட்டிருக்கிறாய். அம்மாவின் அவசரங்கள் தாங்காமல் அந்தக் குழுவை நான் வாயடைத்து வைத்து மாதக்கணக்காகிறது. குழுவில் உன் கடைசிச் சேதி இது: 'அவசரம். ஏன்க்கா கட் பண்ணீங்க? மாமாவுக்குக் கோவமா? உங்க போனுக்குக் கூப்பிடவே பயமா இருக்கு. மாம்பழக் கலர்ல புடவை எடுத்துட்டேன். வரட்டுமா?'

இந்தக் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன், கஷ்டப்பட்டுத் திட்டியிருக்கிறேன். ஆனால் தொடங்க மூன்று சொல் என்றாயே. உன் 'வரட்டுமா' வந்துவிட்டது. இதோ என் 'வா'. 'வர்றேன்' மட்டும்தான் பாக்கி.