பெயர் மட்டும் சாக்பீஸில்

ஊருக்கு ஊர் கொடுங்கோலன் இருக்கிறானோ இல்லையோ, கொடுங்கோலனைக் கண்டுபிடிக்கிறவர் ஒருவர் கட்டாயம் இருக்கிறார். உங்களுக்கும் அவரைத் தெரியும். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் கண்டக்டர் கொடுங்கோலன், ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழவில்லையென்றால் இயந்திரமே கொடுங்கோலன், கல்யாணப் பந்தியில் அப்பளம் வராமல் போனால் மாப்பிள்ளையின் தகப்பனார் கொடுங்கோலன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாயசத்தை ஒழுங்காகக் குடித்து முடித்து எழுந்திருப்பவர். செஞ்சியில் அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் பெரியதம்பி.

பெரியதம்பி எங்கள் தெருப் படிப்பகத்தின் செயலாளர். பதினோரு வருஷமாக அவர்தான். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, “யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா இல்லை நன்றி” என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்துவிடுவார். இதற்கு ஒருமனதான தேர்வு என்று பெயர். படிப்பகத்தின் ஒரே சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. காலையில் அவர் பேப்பர் படிக்க வரும்போது படிப்பகம் திறக்கும். படித்து முடித்ததும் மூடிவிடும். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? அவர் அப்படிக் கேட்டதில்லை.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தினமும் ஒரு கண்டனம் எழுதுவது அவருடைய வழக்கம். ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்ததால், பெயிண்டர் முருகையனைக் கூப்பிட்டு மாறாத பகுதியை வெள்ளைப் பெயிண்டில் நிரந்தரமாக எழுத வைத்தார். மேலே ‘கொடுங்கோலன்’, நடுவில் ஒரு ஜாண் வெற்றிடம், அதற்குக் கீழே ‘ஒழிக’, அடியில் ‘பெரியதம்பி, செயலாளர்’. வெற்றிடத்தில் அன்றைய பெயரைச் சாக்பீஸால் எழுதினால் போதும். மழை பெய்து பெயர் கரைந்துவிட்டால் விடிந்ததும் வந்து மறுபடி எழுதிவிடுவார்.

அந்த வெற்றிடத்தில் ஏறி இறங்காத தலைவர் இல்லை. ஒரு தேர்தலுக்கு முன்னால் நாற்பது நாள் தொடர்ந்து ஒரே தலைவரின் பெயர் அங்கே இருந்தது. நாற்பத்தோராம் நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்தத் தலைவரின் படத்துக்கு அவரே மாலை போட்டார். முருகையனுக்குத் தாங்கவில்லை.

“இன்னாப்பா, நேத்து வரைக்கும் அவரு கொடுங்கோலன்னு எழுதுன?”

“நேத்து கூட்டணி முடிவாவல.”

“இப்போ?”

“இப்போ அவரு உறுதியான தலைவரு.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை இதில் முரண்பாடு எதுவும் கிடையாது. ஒருமுறை சுவாதி என்ற பெண், கோட்டையை ஆண்ட ராஜாக்களில் யார் கொடுங்கோலன் என்று அவரிடம் கேட்டாள். ராஜகிரிக் கோட்டை மலையை நிமிர்ந்து பார்த்து நெடுநேரம் யோசித்தார்.

“அவங்கல்லாம் எந்தக் கூட்டணின்னு தெரியாம எப்படிம்மா சொல்றது?”

இந்த சுவாதியால்தான் வினையே வந்தது. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள். வீடு ஒரே அறை. அதில் ஐந்து பேர், ஒரு டிவி. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் படிப்பகம் திறந்திருந்தால் போதும் என்று கேட்டாள். மறுத்துவிட்டார். அவளுக்காக நெல் மண்டிக் குடும்பத்து ஹேமா வந்து பேசினார். ஹேமா கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர், படிப்பகத்தின் உறுப்பினர்.

“ஐயா, சாயந்திரம் ரெண்டு மணி நேரம். சாவிய குடுங்க, நானே பாத்துக்கறேன்.”

“சாவி வெளிய போனா கட்டுப்பாடு போயிடும்மா.”

“அப்போ இந்த வருஷம் தேர்தல் வெச்சிடலாங்க ஐயா. சீட்டு போட்டு.”

பெரியதம்பி அரைஞாண் கயிற்றைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பதினோரு வருஷம் இந்தப் படிப்பகத்தைத் தன் வீட்டைவிட அதிகமாக நேசித்த மனிதர் அவர், அது உண்மைதான். ஆனாலும் தேர்தல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஜனநாயகத்துக்காகப் பலகையே வைத்திருக்கிறவர் அல்லவா? தேர்தலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, தன்னை எதிர்த்து நின்றவரின் பெயரை, ‘ஹேமா’ என்று வெற்றிடத்தில் எழுதினார். பெண்ணுக்கு ‘கொடுங்கோலன்’ பொருந்தாது என்று முருகையன் சொன்னான். என்ன செய்ய, அது பெயிண்ட்.

அன்றிரவு நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலி போடுவதிலும் மைக் தேடுவதிலும் பெரியதம்பி பலகையை மறந்துபோனார். முப்பத்தொரு உறுப்பினர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலில் ஒரு நொடி நின்று, பலகையைப் படித்து, உள்ளே போய்ச் சீட்டுப் போட்டார்கள். அவருடைய மனைவி மீனம்பாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

ஹேமாவுக்கு இருபத்தொன்பது. பெரியதம்பிக்கு இரண்டு. ஒன்று அவர் போட்டது. மற்றது யார் போட்டது என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார். மீனம்பாளிடம் கேட்டால் முந்தானை மறுபடி வாய்க்குப் போகிறது.

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து ஹேமாவிடம் கொடுத்தார். நேராகச் சாக்பீஸோடு வெளியே வந்தார். இருபத்தொன்பது கொடுங்கோலர்கள், ஒரு ஜாண் இடம். யாருடைய பெயரை எழுதுவது என்று பலகையின் முன்னால் நின்றபோதுதான் அதைப் படித்தார். மேலே கொடுங்கோலன், அதற்குக் கீழே ஒழிக. பலகை முழுக்க மிச்சமிருந்தது ஒரே பெயர். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார். முருகையன் நல்ல பெயிண்டாகத்தான் அடித்திருந்தான்.

அன்று ஆறு மணிக்குப் படிப்பகத்தில் விளக்கு எரிந்தது. சுவாதி ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் பலகையில் இன்றைக்கு இருக்கிற பெயர் நிஜமாகவே கொடுங்கோலன் பெயர்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் ஒருமுறை அடிவரியைப் பார்த்துவிடுங்கள். மேகம் கறுத்திருக்கிறது.