தோல் உரித்த சிவப்பு ஒயின்

ஒரு காட்டில், ஐயாயிரம் அடி உயர மலைச்சரிவில், ஒரு கரடி இருந்தார். எஸ்டேட் வைத்திருப்பவர் என்பதால் 'இருந்தது' என்று சொல்ல முடியாது. பெயர் சடையப்பன். முன்பு தேன் வியாபாரம் செய்தவர். தேனீக்கள் சங்கம் அமைத்த பிறகு அதை விட்டுவிட்டு, சரிவு முழுவதும் கறுந்திராட்சை போட்டு, சிவப்பு ஒயின் தொழிலில் இறங்கினார்.

பாட்டில் வாங்கும் முன்பே லேபிள் அச்சடித்தார். 'சடையப்பன் எஸ்டேட் அசல் சிவப்பு ஒயின்'. விண்ணப்பத்திலும் அப்படியே எழுதி, எட்டு நகல் எடுத்து, காட்டு மதுவிலக்கு அலுவலகத்தில் கொடுத்தார். அந்தக் காட்டில் மது தயாரிக்க அனுமதி கொடுப்பது மதுவிலக்கு அலுவலகம்தான். அதில் எந்த மிருகத்துக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒயின் எஸ்டேட் என்றால், படித்த பரிசோதகர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. மைனா முத்துச்செல்வியை வேலைக்கு எடுத்தார்கள். அவள் கூட்டில் மட்டுமல்ல, அவள் மரத்திலேயே முதல் பட்டதாரி. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அது முடிந்து நிரந்தர ஆணை கைக்கு வர வேண்டும். அந்தத் தாளுக்காக மரத்தில் சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். மகள் உத்தியோகத்துக்குப் போய்விட்டாள் என்று அவள் அப்பா பூச்சி பொறுக்கப் போவதைப் பாதியாகக் குறைத்திருந்தார்.

அறுவடைக்கு முந்தின நாள் சடையப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் ஃபைல்ல முதல் பட்டதாரிச் சான்றிதழ் இல்லையே?"

"பட்டச் சான்றிதழ் குடுத்திருக்கேன் ஐயா."

"அது நீ படிச்சதைச் சொல்லுது. உனக்கு முன்னாடி யாரும் படிக்கலேன்னு யார் சொல்லுவா? போய் வாங்கிட்டு வா."

முத்துச்செல்வி தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். இரண்டாம் நாள் மாலை அவள் முறை வந்தது. கவுண்டரில் ஆமை இருந்தார்.

"உங்க தாத்தா படிக்கலேங்கிறதுக்கு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் எங்கே?"

"அவருக்கு எழுதத் தெரியாதுங்க சார்."

"அதை அவர் எழுதிக் குடுக்கட்டும்."

நான்காம் நாள், தாத்தாவின் கால்ரேகையை ஏற்றுக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் அதை அலகில் கவ்விக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பறந்தாள். வழியில் கீழே பார்த்தபோது, மலையோடை சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் வேகமாகச் சிறகடித்தாள்.

கறுந்திராட்சையின் சாறு சிவப்பல்ல, வெளிர் மஞ்சள். சிவப்பு இருப்பது தோலில். பழத்தைத் தோலோடு நசுக்கி, தோலோடு ஒரு வாரம் பத்து நாள் தொட்டியில் ஊறவிட வேண்டும். மேலே மிதந்து வரும் தோலைக் காலையும் மாலையும் கட்டையால் அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் நிறம் இறங்கும். இது முத்துச்செல்விக்குத் தெரியும். பழம் பறித்து நசுக்கும் வேலையோ குரங்குகளிடம் இருந்தது.

குரங்கு மேஸ்திரி சங்கிலி தொட்டியருகே களைத்துப்போய், ஆனால் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தோலெல்லாம் எங்கே?"

"உரிச்சு ஓடையில கொட்டியாச்சு. முந்நூறு பேரு, மூணு நாளு, ஒருத்தன் பேன் பாக்கக்கூட எந்திரிக்கல. ஒரு பழத்துல தோல் இருந்தா என் வாலை அறுத்துக்க."

"ஏண்ணே உரிச்சீங்க?"

"என்ன புள்ள இப்படிக் கேக்குற? நாலு பேரு வாயில வைக்கிற பொருளு. தோலோட குடுத்தா எங்க கூட்டத்துல நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அந்த ஆண்டு அந்த எஸ்டேட்டிலிருந்து வெளியே போன ஒரே சிவப்பு ஓடையில் போனதுதான்.

அவள் சடையப்பனிடம் ஓடினாள். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கரடிகளுக்குச் சிவப்பு என்பது கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான்மா தெரியுது. ஆனா லேபிள்ல சிவப்புன்னுதானே போட்டிருக்கு?"

"லேபிள்ல இருக்கு ஐயா. தொட்டியில இல்ல."

"பீட்ரூட்டைப் போட்டுருவோமா?" என்றார் சங்கிலி. "தோல் உரிச்சே போடுறோம்."

"அப்புறம் அதுக்குப் பேரு ஒயின் இல்லண்ணே."

"படிச்ச புள்ளைங்களை வேலைக்கு வச்சா இதான் முதலாளி. எதைச் சொன்னாலும் பேரு மாறிப்போகும்பாங்க."

சடையப்பன் இரண்டு பேரையும் போகச் சொன்னார். சாறு புளித்து, வடிந்து, பீப்பாய்க்குப் போனது. முத்துச்செல்வி தினமும் சுவைத்துப் பார்த்தாள். ஒயின் அருமையாக வந்துகொண்டிருந்தது. வெள்ளை ஒயினாக வந்துகொண்டிருந்தது.

தகுதிகாண் பருவத்தின் கடைசி நாளன்று அனுமதி அதிகாரி வந்தார். எருமை, பெயர் கொம்பையா. இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ். கோப்பையை வெயிலில் தூக்கிப் பிடித்து, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சடையப்பன் பக்கம் திரும்பினார்.

"நிறம் என்ன?"

"சிவப்பு சார்."

"மேஸ்திரி?"

குரங்குகளுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். முந்நூறு பேரின் மூன்று நாள் உழைப்பும் தெரியும்.

"சிவப்புன்னா சிவப்பு, அப்படி ஒரு சிவப்பு சார். கண்ணு கூசுது."

கொம்பையா படிவத்தை முத்துச்செல்வியிடம் நீட்டினார். 'மேற்படி ஒயின் சிவப்பு நிறமுடையது என என் கண்ணால் கண்டு உறுதியளிக்கிறேன்.' அவள் பேனாவை எடுத்தாள். பதினான்கு பேரையும் நினைத்தாள். அப்பாவை நினைத்தாள். 'என் கண்ணால்' என்ற இடத்தை அவளால் தாண்ட முடியவில்லை.

"சார், மன்னிச்சுக்குங்க. இது வெளிர் மஞ்சள். குடிக்க நல்லா இருக்கும் சார். வெள்ளை ஒயின்னு விண்ணப்பத்தை மாத்திட்டாப் போதும்."

"நாளையிலேருந்து வராதம்மா," என்றார் சடையப்பன்.

கொம்பையா குளம்பை உயர்த்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது, எருமை முகம் வெளுக்கும் அளவுக்கு. இருபத்திரண்டு ஆண்டுகளில் நானூற்றுப் பதின்மூன்று சிவப்பு ஒயின்களுக்கு அனுமதி கொடுத்தவர் அவர். கரடியைப் போலவே அவரும் சிவப்பைப் படிவத்தில் மட்டுமே பார்த்திருந்தார். இது மஞ்சள் என்றால், அவை எல்லாம் என்ன?

"விண்ணப்பம் சிவப்புங்குது. லேபிள் சிவப்புங்குது. முதலாளி, மேஸ்திரி எல்லாரும் சிவப்புங்கிறாங்க. ஒருத்திக்கு மட்டும் மஞ்சளாத் தெரியுது. கோளாறு ஒயின்லயா, கண்ணுலயா?"

"கண்ணுதான் சார்," என்றார்கள் சடையப்பனும் சங்கிலியும்.

'பரிசோதகருக்கு நிறப்பார்வைக் கோளாறு' என்று கொம்பையா எழுதினார்.

"அப்ப இவளை அனுப்பிடலாம்ல சார்?" என்றார் சடையப்பன்.

"சேரும்போது கண்ணு நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப வேலை பாக்கையில வந்த கோளாறு. வேலை பாக்கையில உடம்புக்கு ஏதாவது வந்தா ஆளை எடுக்கக் கூடாது. இன்னைக்கே நிரந்தரம் பண்ணணும். விதி நாப்பத்திரண்டு."

நிரந்தர ஆணை அங்கேயே தட்டச்சாகி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மாதம் ஒருமுறை அவள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்.

"சார், இது பொய்யாகிடாதா?"

"பொய் சொன்னாத்தாம்மா தண்டனை. கோளாறு இருக்குன்னு சொன்னா சலுகை."

அவள் தாளைப் பார்த்தாள். 'எனக்குச் சிவப்பு தெரியாது.' அந்த வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

ஒயின் நன்றாக விற்றது. வெளியீட்டு விழாவில் ஒரு கிளி மட்டும் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, மஞ்சளா..." என்று ஆரம்பித்தது.

"எங்க பரிசோதகருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் சடையப்பன் கவலையோடு. "சீக்கிரம் டாக்டரைப் பாருங்க."

கிளி இன்னொரு முறை பார்த்துவிட்டு, நல்ல அடர் சிவப்பு என்றது.

முதல் மாதம் முத்துச்செல்வி உறுதிமொழியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் மாதம் படிக்காமலே போட்டாள். ஐந்தாம் மாதம் அவள் அப்பா பூச்சி பொறுக்கப் போவதை அடியோடு நிறுத்தினார். மரத்தில் எல்லோரிடமும் சொன்னார்: "எங்க புள்ள உண்மையைத்தான் சொன்னா. அதுக்கு வேலையே குடுத்துட்டாங்க."

நீதி: உண்மை பேசினால் வேலை போகாது, மாதம் ஒருமுறை கோளாறு என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.