முறுக்கண்ணையும் மாப்பிள்ளை முகத்துப் பச்சைக் கட்டங்களும்

'வேகத்தைக் குறை' என்று எழுதிய எதையும் வாழ்நாளில் ஒருதரமாவது மதிக்காத ஒரே மனிதர் திருகோணமலையில் முறுக்கண்ணைதான். அந்த எழுத்து வீதிப் பலகையில் இருந்தாலும் சரி, ஒரு பெட்டியின் அடியில் இருந்தாலும் சரி, அவருக்கு அது வாசிக்கத் தெரியாத பாஷை.

முறுக்கு விற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். எதைக் கண்டாலும் இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்பார், அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் அதை வாங்கிப் பார்க்கிற ஆமிக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். ஒருநாள் தன் கடையில் தொங்கிய ஃபானின் உள்ளே எதையோ மாற்றி, செய்தவனே கனவு காணாத வேகத்தில் சுழலவிட்டார். மேசையில் கிடந்த விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் எழும்பி ஒழுங்கைக்குப் போய்விட்டன. துரத்திப் பொறுக்கினது நான். அந்தக் கடையில் டைப் அடிக்கிற உத்தியோகம் என்னுடையது.

துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது கடை. டைப் அடிப்போம், ஃபோட்டோக் கொப்பி எடுப்போம், கலியாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்போம். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். கறண்ட் காலை ஒன்பதுக்கு வரும், ஒரு மணிக்குப் போகும். ஜெனரேற்றர் இருந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை.

கம்பியூட்டரின் மூளைக்கும், அதில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் காட் என்கிற அட்டைக்கும், செய்தவன் ஒரு வேகம் வைத்து அனுப்புகிறான். அதற்கு மேலே முடுக்கி ஓட்டுவதை 'ஓவர்குளொக்' என்பார்கள். முடுக்கினால் வேலை கெதியில் முடியும். ஆனால் சூடேறும், படம் குழம்பும், சிலவேளை எல்லாமே அப்படியே நின்றுவிடும். முறுக்கண்ணை கடைக் கம்பியூட்டரை அப்படித்தான் ஓட்டினார். இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"பிள்ளை, பெட்டியில வேகம் எழுதினவனுக்கு இஞ்ச நாலு மணித்தியாலம்தான் கறண்ட் எண்டு தெரியுமோ?" என்று பாய்ந்தார். "ரோட்டில எவ்வளவு வேகத்தில போறதெண்டு சென்றியில நிக்கிறவன் சொல்லுறான். எத்தினை மணிக்கு வீட்டுக்கு வாறதெண்டு ஊரடங்கு சொல்லுது. இந்தப் பெட்டி ஒண்டாவது நான் சொல்லுற வேகத்தில ஓடட்டும்!"

எனக்கும் உள்ளுக்குள் அதே கொதிதான். டைப் அடிக்கப் போனேன்.

அந்தப் பெட்டிக்காகக் கொழும்புக்குப் போய், செம்பால் செய்த பெரிய கூலர் ஒன்று வாங்கி வந்தார். சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற சாமான். கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துப் பையைக் கொட்டினார்கள். செம்புத் தகடு, வயர், விசிறி, போதாக்குறைக்கு ஊசி போடுகிற சிறிஞ்சுக்குள் சாம்பல் நிறப் பசை! அந்தக் காலத்தில் ஒரு டோர்ச் பற்றரி கொண்டுபோனாலே விசாரணை. இது என்னவென்று கேட்டிருக்கிறான் ஆமிக்காரன். கம்பியூட்டரைக் குளிரப்பண்ண என்றிருக்கிறார் இவர்.

"ஏன் அது சூடாகுது?"

"வேகமாய் ஓடுறபடியால்."

"ஏன் வேகமாய் ஓடவேணும்?"

"நாலு மணித்தியாலம்தானே கறண்ட் தாறியள்!"

இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வந்து, முகம் சிவக்க, "எனக்குத்தான் கூலர் தேவைப்பட்டது" என்றார். மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? கணக்குச் சரிதானே?" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கலியாணம் நடந்ததும் அந்தக் காலத்தில்தான். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் நின்றார். அதில் மூன்று நாளை ஊரடங்கு தின்றது. எங்கள் பக்கத்தில் கலியாண வீடியோ ஞாபகத்துக்கு எடுப்பதல்ல, விசாவுக்கு எடுப்பது. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் கமராக்காரர், "மாப்பிள்ளை, முகத்தை இஞ்சால திருப்புங்கோ, விசாவுக்கு!" என்று கத்தினார். அவரும் நல்ல பிள்ளையாகத் திரும்பிச் சிரித்தார். முதல் முடிச்சு என் தலைமயிரையும் சேர்த்து விழுந்தது.

அவர் போய்ச் சில மாதத்தில் கடிதம் வந்தது. பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, கொழும்பில் விசா நேர்காணல். கலியாணம் உண்மையென்று காட்டப் படங்களும் வீடியோவும் கொண்டு வரவேண்டும். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளைக்கு, ஆதாரம் காணாது, போலிக் கலியாணம் என்று மறுத்துவிட்டார்கள். அவள் கழுத்தில் தாலியும் கையில் ரெலிஃபோனுமாக வருசக்கணக்காக இருந்தாள்.

என் கலியாணமோ இன்னும் கமராவின் சின்னக் கசற்றுக்குள் கிடந்தது. அதை வெட்டி ஒட்டி டிஸ்க்கில் ஏற்றவேண்டும். பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடினால் ஆறு மணித்தியாலம். இடையில் நின்றால் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். இத்தனை நேரம் பிடிக்கக் காரணம் என் அம்மா கேட்ட அலங்காரம். தாமரை விரிய அதற்குள்ளிருந்து நானும் அவரும் எழும்பி வரவேண்டும், இரண்டு அன்னம் எங்களைச் சுற்றி நீந்தவேண்டும். இந்தப் பூச்சுற்று முழுக்கக் கிராபிக்ஸ் காட்டின் தலையில்தான் விழும்.

"அண்ணை, பூவையும் அன்னத்தையும் எடுத்துவிடுவம். கெதியில முடிஞ்சிடும்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ! பூவையும் விடமாட்டன், வேகத்தையும் விடமாட்டன். சண்டை நடக்குதெண்டதுக்காக உங்கட கலியாணம் மொட்டையாய்க் கிடக்கவேணுமோ?"

திங்கட்கிழமை முடுக்கிவிட்டார். முக்கால்வாசி ஓடி, மாப்பிள்ளை தாலியைத் தூக்கிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. கட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை. முறுக்கண்ணை திட்டிய திட்டைக் கேட்டால் மாப்பிள்ளை கனடாவிலேயே தாலியைக் கீழே வைத்திருப்பார்.

திட்டுகிற மனிதர் என்றாலும் வேலையில் ஒழுங்கு. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். "ரெண்டை ஒண்டாய் மாத்தினா எது திருத்தினது எண்டு தெரியாது, பிள்ளை." மாற்றியதைச் சுவர்க் கலண்டரில் அந்தந்தத் தேதிக்குள் எழுதுவார், நல்ல நேரத்துக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில். காலையில் பெயின்ற் பிரஷ்ஷால் காட்டின் விசிறியில் தூசு தட்டிவிட்டுத்தான் தொடங்குவார். சூடு போகட்டும் என்று பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை காட்டின் நினைவக வேகத்தை மட்டும் குறைத்தார். முந்தின நாள் வராத புது வியாதி வந்தது. மாப்பிள்ளை முகத்தில் பச்சைப் பச்சைச் சதுரக் கட்டங்கள்! ஐயர் தெரிந்தார், நான் தெரிந்தேன், மாப்பிள்ளை இருந்த இடத்தில் யாரோ பச்சை ஓடு பதித்திருந்தார்கள். பிறகு எல்லாம் நின்றது.

"ஐயோ கடவுளே! அண்ணை, முகம் இல்லாத மனிசனுக்கு ஆர் விசா தருவினம்?" என்று அழுதேவிட்டேன்.

"உங்களுக்கு முகம் வரும். இல்லாட்டி இந்தக் கடையைப் பூட்டிப்போட்டு நான் கருவாடு விக்கப் போறன்" என்றார்.

புதன்கிழமை, காட்டை நடத்துகிற மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டார். கட்டம் இல்லை. ஆனால் பாதி தாண்டி நின்றது. இரவு முழுக்க யோசித்திருக்கவேண்டும், வியாழன் விடியவே வந்து நின்றார். மூளையின் வேகத்தைக் கூட்டியபோது, காட் செருகியிருக்கிற துவாரத்தின் வேகமும் கூடவே இழுபட்டு ஏறியிருக்கிறது! அதைத் தனியாகப் பூட்டினார். அன்றைக்கு ஓடியது பாருங்கள், ஒரு கட்டம் இல்லை, ஒரு திக்கல் இல்லை. தொண்ணூற்றைந்து வீதம் வந்தபோது கறண்ட் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்திப் போய்விட்டது. முறுக்கண்ணை வெளியே போய், மின்கம்பத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

பரவாயில்லை, நாளைக்கு முடிந்துவிடும் என்று நம்பிப் போனோம். வெள்ளிக்கிழமை, ஒன்றையுமே மாற்றாமல் ஓடவிட்டதில், மாப்பிள்ளை மறுபடி பச்சை ஓடு!

சனி, ஞாயிறு கறண்டே இல்லை. திங்கள், மின்சாரம் ஊட்டுகிற பெட்டியை வேறு கம்பியூட்டரிலிருந்து கழற்றிப் பூட்டினார். பழம் மாதிரி ஓடியது. ஆனால் அன்று பதினொன்றுக்கே கறண்ட் போனது. செவ்வாய், திரும்பவும் பச்சை. வியாழன் விடிய பஸ். மிச்சம் இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். அவர் கலண்டருக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, கட்டம் வந்தது செவ்வாய். பிறகு வெள்ளி. பிறகு செவ்வாய். இந்த மெசின் என்ன, விரதம் பிடிக்குதோ?"

சொல்லிவிட்டு, அடுத்த நாள் தூசு தட்டுகிற வரைக்கும் பொறுக்காமல், அப்போதே காட்டைக் கழற்றினார். விரலால் தள்ளியும் விசிறி சுற்றவில்லை. அதன் இதழ்களுக்கு நடுவே ஒரு நந்தியாவட்டைப் பூ இறுகிக் கிடந்தது. தகடுகளுக்குள் வெள்ளை வெளேரென்று மணக்க மணக்க விபூதி.

நான் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போய்விட்டு நேரே கடைக்கு வந்து, என் விசாவுக்குக் காவலாகக் கதிரையில் இருப்பது வழக்கம். நானும் அண்ணையும் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில், பெட்டிக்குத் திருநீறு தூவிப் பூவும் போட்டுக் கும்பிட்டிருக்கிறார். முந்தின தரங்களில் அது அடுத்த காலைத் தூசோடு தூசாய்த் தட்டுப்பட்டுப் போயிருக்கிறது. வாணிவிழாவில் கம்பியூட்டருக்குச் சந்தனம் பூசி மாலை போடுகிற ஊர்தானே எங்களுடையது.

"மேலால பூசினாக் காணாதே அம்மா? ஏன் உள்ளுக்குப் போட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"மூடி திறந்தெல்லோ கிடந்தது," என்றார் அம்மா. "உள்ளுக்குப் போட்டாத்தானே பலிக்கும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. இரண்டாயிரம் தாமரையைச் சுழற்றிக் காட்டின காட், நிசப் பூ ஒன்றில் படுத்துவிட்டது. முறுக்கண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆமிக்காரனையே விடாத மனிதர், இன்றைக்கு அம்மாவுக்கு இருக்கிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா," என்றார், இத்தனை காலத்தில் நான் கேட்காத ஒரு குரலில். "கும்பிடுங்கோ. கும்பிட வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இது காத்து உள்ளுக்கு இழுக்கிற பக்கம். பின்னால, காத்து வெளிய தள்ளுற பக்கம் இருக்கு. அங்க நிண்டு கும்பிடுங்கோ."

புதன்கிழமை. பூவைக் கிள்ளி எடுத்து, விபூதியை ஊதித் தட்டி, துப்புரவாகப் பூட்டினார். அம்மா பெட்டிக்குப் பின்னால், காற்று வெளியே தள்ளுகிற பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தார். ஒன்பதுக்குக் கறண்ட் வந்தது. முறுக்கண்ணை கணக்குப் போட்டார். உச்ச வேகத்தில் மூன்று மணித்தியாலம். ஒரு படி குறைத்தால் மூன்றே முக்கால். விரல் விசைமேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு படி குறைத்தார்.

என் காதையே நான் நம்பவில்லை, ஏனென்றால் அவர் வாய்விட்டுச் சொன்னார்: "குறைக்கிறன். என்ர கெட்டித்தனத்தைக் காட்ட வேற நாள் இருக்கு. இது உங்கட சீவியம்."

அந்த மூன்றே முக்கால் மணித்தியாலமும் மூவரும் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. தாலி ஏறியது. மாப்பிள்ளைக்கு மூக்கும் முழியும் முழுசாக இருந்தன. தாமரை விரிந்தது. டிஸ்க் வெளியே வந்து என் கைக்குள் சுட்டது. பத்து நிமிசத்தில் கறண்ட் போனது. "போ! இனிப் போ!" என்று மின்கம்பத்தைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார் முறுக்கண்ணை.

கொழும்பில் அந்த அதிகாரி மூன்றே மூன்று கேள்வி கேட்டார். மாமியின் பெயர் என்ன, கணவருக்கு என்ன வேலை, அவருக்கு எத்தனை சகோதரம். படங்களைப் புரட்டினார், நல்லது என்றார், விசா வரும் என்றார். நான் டிஸ்க்கை நீட்டினேன். தேவையில்லை என்று அப்படியே திருப்பித் தந்துவிட்டார். சந்தோசத்தில் அழுவதா, அந்த மேசையைப் பிரட்டுவதா என்று தெரியவில்லை. ஒரு மனிதர் பத்து நாள் உயிரைக் கொடுத்துச் செய்தது ஐயா, ஒரு தாமரையையாவது பாருங்கள் என்று கத்த வாய் வந்தது. விழுங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸால் இறங்கி நேரே கடைக்குப் போனேன். அவர் ஏதோ பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். விசா கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"ஓடினதோ?" என்றார், தலையை எடுக்காமல்.

"ஓம் அண்ணை. முழுக்கப் போட்டுப் பாத்தவை. ஓரிடத்திலையும் நிக்கேல்லை."

உள்ளே எதையோ இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"அன்னம்?"

"அன்னம் வாற இடத்தை ரெண்டுதரம் போட்டுப் பாத்தவை."

தலையை எடுத்தார். லேஞ்சியால் கண்ணையும் முகத்தையும் சேர்த்துத் துடைத்து, "சரியான வெக்கை" என்றார்.

நான் சொன்னது பச்சைப் பொய். இத்தனை வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன். அண்ணை வாசித்துவிட்டுக் கொதிக்கட்டும், வேண்டுமென்றால் என்னை நாலு பேச்சும் பேசட்டும். எங்கிருந்தாலும் அந்த மனிசன் நல்லா இருக்கவேணும்.