மூவாயிரத்து நூற்று நாற்பது பேர் கேட்ட கச்சேரி

மனிதன் நிலவில் கால் வைத்ததைப் பெரிய சாதனை என்கிறார்கள். வைத்தவர்கள் பன்னிரண்டே பேர். எங்கள் வெர்பிட்சா நகரின் பண்பாட்டு இல்லத்தில் இருப்பவை இருநூற்று இருபது நாற்காலிகள். 1984 நவம்பர் பதினான்காம் தேதி அங்கே நடந்த ‘நனைந்த தீப்பெட்டி’ ராக் குழுவின் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் மூவாயிரத்து நூற்று நாற்பது பேர். அத்தனை பேருக்கும் முத்திரை வைத்த சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். கொடுத்தது ‘மறக்கமுடியாத கச்சேரிகளின் நேரடிச் சாட்சிகள் சங்கம்’. அதற்கு நான் செயலாளர்.

விதி எளிது. ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று ஒருவர் விண்ணப்பித்தால், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற இருவர் ‘பார்த்தோம்’ என்று கையெழுத்திட வேண்டும். உலகப்போரில் காடுகளில் நின்று சண்டையிட்டவர்களை அடையாளம் காண எங்கள் நாடு வகுத்த அதே முறை. போர் முடிந்து ஆண்டுகள் ஆக ஆக அந்த வீரர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். முறையின் சிறப்புக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

தலைவர் செலிமிர் பல் மருத்துவர். 1979, 1981, 1984 என்று மூன்று கச்சேரிகளுக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர். நோயாளியின் வாயில் துளைக்கருவி சுழலும்போதுதான் அவருக்குப் பழைய கச்சேரிகள் நினைவுக்கு வரும். “அன்னிக்குக் கூரையே அதிர்ந்துச்சு, இல்ல?” என்பார். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

ஒரே மனக்குறை ஸ்மில்யா அம்மா. அரங்க வாசலில், உள்ளே போகிறவர்களின் குளிர்கோட்டுகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பவர். நாற்பது ஆண்டுகளாக அதே மேசை. அவருடைய விண்ணப்பத்தில் ‘வந்திருந்தோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் ‘பதினேழு கோட்டு’ என்று எழுதியிருந்தார்.

“நவம்பர் குளிர்ல மூவாயிரம் பேரும் வெறும் சட்டையோடவா வந்தீங்க?” என்று என்னையே கேட்டார்.

“உணர்ச்சிச் சூடும்மா,” என்றேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நாற்பதாம் ஆண்டு விழா நெருங்கியது. எல்லாப் பெயர்களும் பொறித்த பளிங்குப் பலகைகள் தயாராயின. அப்போதுதான் ராடிவோய் வந்தார். ‘நனைந்த தீப்பெட்டி’யில் டிரம்ஸ் வாசித்தவர், இப்போது ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறார். தலைவரின் வகுப்புத் தோழர்.

“டேய் செலிமிர், நாங்க நாலு பேரும் உயிரோடதான்டா இருக்கோம். புதுசா ஒம்பது பாட்டு போட்டிருக்கோம். விழா அன்னிக்கு அதே மேடையைக் குடு. ஒரே ஒரு தடவை, நெறஞ்ச அரங்கத்துல வாசிச்சுப் பாத்துடணும்.”

“விண்ணப்பதாரர் 1984ல அங்க இருந்ததுக்குச் சான்றிதழ் இருக்கா?”

“நான்தான்டா டிரம்ஸ் அடிச்சேன்!”

“அடிச்சதை யார் பாத்தா?”

“மூவாயிரம் பேருக்குச் சான்றிதழ் குடுத்திருக்கியே, அதுல ரெண்டு பேர் பாத்திருக்க மாட்டானுங்களா?”

நியாயமான கேள்வி. பொதுக்குழுவைக் கூட்டி, டிரம்ஸ் வாசித்தவர் எப்படி இருந்தார் என்று கேட்டோம். தாடி என்றார் ஒருவர். மொட்டை என்றார் இன்னொருவர். பெண் என்றார் மூன்றாமவர். நல்ல அழகி என்றும் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.

“ஸ்மில்யா அம்மா பாத்தாங்க,” என்றார் ராடிவோய்.

“அவங்க அங்க இருந்ததுக்கே ஆதாரமில்ல,” என்றார் தலைவர்.

ராடிவோய் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பதினேழு பேருடா. மேடைல உக்காந்தா எல்லா மூஞ்சியும் தெரியும். எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகமிருக்கு. உன் மூஞ்சி...”

“சங்கம் பெருந்தன்மையோட மேடையைத் தருது!” என்று தலைவர் மேசையைத் தட்டினார். இனி முகங்களை எண்ணக் கூடாது என்பது நிபந்தனை.

நவம்பர் பதினான்கு, மாலை ஏழு மணி. உள்ளே கச்சேரி. வெளியே, வாசலில், பலகைத் திறப்பு. இரண்டாயிரம் பேர் பளிங்கில் தங்கள் பெயரைத் தேடினார்கள், தடவினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துப்பிழைக்காக இருவர் கட்டிப் புரண்டார்கள். பிளம் சாராயம் ஓடியது. உள்ளிருந்து வந்த டிரம்ஸ் ஒலி தலைவரின் உரைக்கு இடைஞ்சலாக இருந்தது. அரங்கக் கதவை நானே போய்ச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஸ்மில்யா அம்மாவிடம் கேட்டேன்: “எத்தனை கோட்டு?”

“ஒம்பது. அதுல ஒண்ணு என்னோடது. கடைசிப் பாட்டுல ராடிவோய் கதவையே பாத்துக்கிட்டு அடிச்சான். யாராவது வருவாங்கன்னு நெனச்சானோ என்னவோ. ஆனா அப்படி ஒரு கச்சேரிய இந்த அரங்கத்துல நான் கேட்டதே இல்ல தம்பி.”

சங்கம் அதை உடனே ‘மறக்கமுடியாத கச்சேரி’யாக அறிவித்தது. ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். முதல் சான்றிதழ் என்னுடையது. நான் உள்ளே இருந்ததைத் தலைவர் பார்த்தார், அவர் இருந்ததை நான் பார்த்தேன்.

கதவைச் சாத்தியது யார் என்று ராடிவோய் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். தீர விசாரித்தோம். இரண்டாயிரம் பேர் நின்ற வாசலில், அதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.